ஆணி ஏறாத கட்டை

பல்லில் பறியைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது. இரண்டு கையும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவி இறால் தேடிக்கொண்டிருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைப்பறி வாயில் தொங்கும். எட்டியம்மாளுக்கு இது ரொம்ப வசதி. நாற்பத்தாறு வயதுக்குள் எத்தனையோ அதிகாரிகளை இப்படிப் பறியைக் கடித்தே அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

2063ஆம் வருடம் தை மாதம் பழவேற்காடு ஏரிக்கு வந்த ஹெப்சிபா மட்டும் திரும்பிப் போகவில்லை. படகிலிருந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் பக்கத்தில் வந்து நின்றாள். நீர்ப்பரப்பு ஆணையத்தின் நீலச்சட்டை நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பறி நிரம்பும்வரை காத்திருந்தாள்.

"இப்ப பேசலாமா எட்டியம்மா?"

எட்டியம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னா மேடம், மறுபடியும் ஊசி குத்த வந்துகிறீங்களா?"

"குத்தினதோட முடிவு வந்துருச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர்கள் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் கறுத்த கட்டைகள் தண்ணீருக்கு மேல் ஒரு விரல் அளவு தலை நீட்டிக்கொண்டிருந்தன. போன வருடம் ஆணையத்தின் ட்ரோன் மேலிருந்து படம் பிடித்தபோது, அந்தத் தலைகளெல்லாம் சேர்ந்து கவிழாத ஒரு கப்பலின் உருவத்தில் தெரிந்தன. கோப்பில் அதற்கு 'அடையாளம் தெரியாத சிதைவு, எண் 17' என்று பெயர் வைத்தார்கள். மீனவக் குப்பங்களின் ஆண்கள் அதைப் பேய்மேடு என்றார்கள், அங்கே போன வலை முழுசாகத் திரும்பியதில்லை என்பதால். இறால் தடவும் பெண்கள் அதற்குப் பெயரே வைக்கவில்லை. 'அங்க' என்பார்கள், அவ்வளவுதான்.

பெயர் தெரியாததற்குப் பெயர் கண்டுபிடிக்கத்தான் மரச்சாட்சி வந்தது. டிபன் கேரியர் அளவில் ஓர் ஆரஞ்சுப் பெட்டி, அதிலிருந்து நீளும் ஓர் ஊசி. மரத்தில் ஊசியைச் செருகினால் அது எந்தக் காட்டில் வளர்ந்தது, எந்த வருடம் வெட்டுப்பட்டது, எந்த வருடம் தண்ணீருக்குள் போனது, எந்த உளி அதன் மேல் பட்டது என்று சகலத்தையும் பெட்டி சொல்லிவிடும். பெட்டி வந்த கையோடு சட்டமும் மாறியது. தண்ணீருக்குள் கிடப்பதைப் பற்றி இனி மனிதர் சாட்சி செல்லாது. மனுஷன் பொய் சொல்வான், மரம் சொல்லாது என்று கைதட்டி நிறைவேற்றினார்கள். பொய் சொல்லாதவர்களின் வாயையும் சேர்த்து மூடிவிட்டோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"ஆயிரத்து அறுநூத்துத் தொண்ணூறுகள்ல வெட்டின தேக்கு," என்றாள் ஹெப்சிபா. "கப்பல் தச்சரோட உளித்தடம் இருக்கு. வரிசையா ஆணித்துளை இருக்கு. பழைய அயல்நாட்டு வணிகக் கப்பல்னு முடிவு பண்ணிட்டாங்க."

"பண்ணிட்டுப் போகட்டும். எங்களுக்கு இன்னா?"

"சுத்தி ரெண்டு கிலோமீட்டருக்குப் பாரம்பரிய வட்டம் போடுறாங்க. உள்ள யாரும் கால் வைக்கக் கூடாது. கண்ணாடித் தரை போட்ட படகுல டூரிஸ்ட் மட்டும் வரலாம்."

எட்டியம்மாளைச் சேர்த்து அறுபத்து மூன்று பெண்கள் அந்த இடத்தை நம்பி இருந்தார்கள். இவ்வளவு பெரிய ஏரியில் அவர்கள் கை வைக்க வேறு இடமில்லை. ஏரி முழுக்கப் பாடு. அதாவது, ஒவ்வொரு வருடமும் குப்பத்துக் குடும்பத் தலைவர்களின் பெயரை எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு அந்த வருடம் அந்த இடம். குப்பத்தைச் சேராத எட்டியம்மாளின் ஆட்கள் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்ததில்லை. பெண்கள் பெயர் விழுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேய்மேட்டில் மட்டும் பாடு கிடையாது. வலை கிழியும் இடத்துக்கு எவன் சீட்டுப் போடுவான்? கட்டைகளுக்கு நடுவே இறால் ஒண்டியது. இறாலோடு இவர்களும் ஒண்டினார்கள்.

"ஊசிய எங்க குத்துனீங்க மேடம்?"

"அடியில. இருக்கறதுலயே ஆழமான மூணு இடத்துல. விதி அப்படி."

"மேல குத்தலியா?"

"மேல எதுக்குக் குத்தணும்? எல்லாம் ஒரே கப்பல்தானே?"

எட்டியம்மாள் கட்டைகள் பக்கம் திரும்பினாள். "தப்புன்னு சொல்லி மனு குடுக்கலாமா?"

"ஏழு நாள் டைம் இருக்கு. ஆனா உங்க வாய்வார்த்தையை எடுத்துக்க மாட்டாங்க. மரம்தான் சொல்லணும்."

"சிதைவு சிதைவுன்னு சொல்றீங்களே, சட்டத்துல அதுக்கு இன்னா அர்த்தம்?"

ஹெப்சிபா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். ஊசி குத்த வந்த ஒரு மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "தொடர்ந்து பன்னெண்டு வருஷம் கைவிட்ட கப்பல்னா சிதைவு. யாராவது பழுது பார்த்துட்டே இருந்தா அது சிதைவு இல்லை, பழுது பார்க்குறவங்களோட கப்பல். அதை யாரும் தொட முடியாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஆனா முந்நூத்தம்பது வருஷமா நடு ஏரியில வந்து யாரு பழுது பார்க்கப் போறா?"

எட்டியம்மாள் பறியை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டாள்.

*

"வாயத் தொறந்த, கொன்னுடுவேன்," என்றாள் சின்னபாப்பா.

சின்னபாப்பா எட்டியம்மாளின் அண்ணன் மனைவி. கரையில் இறாலை ரகம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார்கள்.

"வேற வழி இருந்தா சொல்லு அண்ணி."

"நம்ம அம்மா சொல்லல, அவங்க அம்மா சொல்லல. கட்டிக்கினவன்கிட்டகூட நாம சொல்லல. நீ போயி நீலச்சட்டைக்காரிகிட்ட சொல்லுவியா? குப்பத்து ஆம்பளைங்க காதுல உழுந்தா சும்மா உடுவானுங்களா? நூறு வருஷத்து வலைக்கும் நம்மகிட்டதான் ஞாயம் கேப்பானுங்க."

சொல்லாத சங்கதி இதுதான். அங்கே ஏதோ பழைய மரம் சேற்றில் கிடந்தது, யாருடையதென்று தெரியாது. அதில் வலை மாட்டிக் கிழிந்தது. வலை வராத இடத்தில் இறால் தங்கியது. பாடில்லாத பெண்கள் அதைக் கண்டுகொண்டார்கள். ஆனால் மரம் மரம்தானே, புழு தின்னும், மக்கும். மக்கிப்போனால் வலை வந்துவிடும். அதனால் ஒவ்வொரு பெண்ணும் முதன்முதலாகப் பறியோடு தண்ணீரில் இறங்கும் நாளில், உடைபட்ட படகின் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து மக்கியதின் பக்கத்தில் நடுவாள். கெஞ்சி வாங்கிய கட்டையோ கரையில் கிடந்ததோ, படகு மரமாக மட்டும் இருக்க வேண்டும். நடும்போது இன்னொரு பெண்ணின் கை அதன் மேல் இருக்க வேண்டும். வேறு விதி கிடையாது. பூசை கிடையாது. ட்ரோன் பார்த்த கப்பலில் அடிமரத்தைத் தவிர மற்றதெல்லாம் இவர்கள் நட்டது.

"பன்னெண்டு வருஷம் உட்டுப்போயிருந்தா?" என்று கேட்டாள் ஒருத்தி. "ஆலைச் சாம்பல் தண்ணி வந்து எறால் செத்த காலத்துல எவளும் எறங்கலியே?"

"அது ஒரு பத்து வருஷம் இருக்கும்," என்றாள் எட்டியம்மாள்.

சின்னபாப்பா கையிலிருந்த இறாலைக் கூடையில் எறிந்தாள். பிறகு, "அவனுங்க கேட்டா நீதான் பதில் சொல்லணும்," என்றாள்.

"நானே சொல்றேன்."

*

மறுநாள் காலை எட்டியம்மாள் ஹெப்சிபாவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு கட்டையின் தலைமேல் வைத்தாள். "இங்க குத்துங்க. சும்மா ஒரு தபா."

ஹெப்சிபா குத்தினாள். பெட்டி 2051 என்று காட்டியது. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி குத்தினாள். 2051. எட்டியம்மாளைப் பார்த்தாள், கட்டை வரிசையைப் பார்த்தாள், மறுபடி எட்டியம்மாளைப் பார்த்தாள்.

"யாரு?" என்றாள் மெதுவாக.

"நான் சொன்னா செல்லாதே மேடம். மரத்தக் கேளுங்க."

அன்றே மனு பதிவானது. மனு பதிவானபின் பெட்டி வாயைப் பூட்டிக்கொள்ளும். குத்தலாம், ஆனால் முடிவு விசாரணை அதிகாரியின் முன்னால்தான் திறக்கும். ஐந்து நாளில் இருநூற்று முப்பத்தெட்டு கட்டைகளைக் குத்தினார்கள். எட்டியம்மாள் காலால் துழாவிக் காட்டினாள், ஹெப்சிபா மூழ்கிக் குத்தினாள். கிழக்கு ஓரத்தில் ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் எட்டியம்மாள் அவளைக் கூட்டிப்போகவில்லை. அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள்.

*

விசாரணை அதிகாரி தட்டைப் படகில் வந்தார். தண்ணீர் இடுப்பைத் தாண்டாது என்று எத்தனை பேர் சொல்லியும் மிதவைச் சட்டையைக் கழற்ற மறுத்துவிட்டார். அறுபத்து மூன்று பெண்களும் தண்ணீரில் நின்றார்கள். குப்பத்துத் தலைவர் வேதகிரி ஏழெட்டுப் படகுகளோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அறுபது வயது, தோளில் துண்டு, ஏரியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஹெப்சிபா பெட்டியைத் திறந்தாள். பெட்டி ஒவ்வொரு கட்டையும் தண்ணீருக்குள் போன வருடத்தை உரக்கப் படித்தது. 1694. 1702. 1709. வருடங்கள் வரிசையாக வரவர அதிகாரியின் புருவம் ஏறிக்கொண்டே போனது. பஞ்ச காலத்தில்கூட இடைவெளி ஒன்பது வருடத்தைத் தாண்டவில்லை. 1921, 1926, 1933. பசியோடு கிடந்தவள்கூட ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் அதிகாரி. "இதையெல்லாம் நட்டது யார்?"

"நாங்க," என்றாள் எட்டியம்மாள்.

வேதகிரியின் படகு ஆடியது. அவர் எழுந்து நின்றுவிட்டார். "ஏ எட்டி! இன்னா சொன்ன? எங்கப்பன் வலைய, என் வலைய, இத்தினி வருஷமா கிழிச்சது பேயி இல்லியா? நீங்களா?"

"ஆமா தலைவரே, நாங்கதான்."

"வெக்கமா இல்ல?"

"பாடு சீட்டு குலுக்குற குடத்துல எங்க பேரு ஒண்ணாவது இருந்துதா தலைவரே? ஒரு வருஷம், ஒரே ஒரு சீட்டு? நீங்க எழுதாத பேர நாங்க இங்க நட்டு வெச்சோம். வலையக் கிழிச்சதுக்கு நான் வெக்கப்பட மாட்டேன். நீங்க பேயின்னு பயந்துகினு போனீங்க பாருங்க, அதுக்கு வேணா மன்னிச்சுக்குங்க."

பெண்கள் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னபாப்பாதான். வேதகிரியின் முகம் சிவந்தது, தோள்துண்டு கைக்கு வந்தது. மனிதர் பேச்சு சாட்சியில் சேராது என்று அதிகாரி இருவரையும் அடக்கினார்.

பெட்டி தொடர்ந்து படித்தது. 2019. 2024. 2031. அடுத்து, 2044.

அதிகாரி கையை உயர்த்தினார். "பதிமூணு வருஷம். சட்டம் பன்னெண்டுதான் அனுமதிக்குது." கோப்பை மூடிக்கொண்டே, "அந்தப் பதிமூணு வருஷத்துல இது கைவிட்ட கப்பல் ஆகிருச்சு. மன்னிக்கணும்," என்றார். நிஜமாகவே அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சட்டத்துக்கு வருத்தமில்லை.

பத்து வருஷம் என்று எட்டியம்மாள் எப்படிக் கணக்குப் போட்டாள்? அவளுடைய பத்து வருடம் அவள் இறால் கம்பெனிக்குப் போனதிலிருந்து எண்ணியது. அதற்கு முந்தியதை அவள் எண்ணுவதில்லை. ஆலைச் சாம்பல் ஏரியை வெளுக்கச் செய்து இறாலைக் கொன்ற காலம் அது. பெண்கள் எல்லோரும் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனார்கள். ஐஸ் தண்ணீரில் கைவிரல் தோல் உரிந்தது. இருபது வயது எட்டியம்மாள் கையுறை கேட்டாள். கேட்ட அன்றே வெளியே போ என்றார்கள். போனாள். சும்மா போகவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஒரு காலை உடைத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

அதை இங்கேதான் கொண்டுவந்தாள், தனியாக. இறாலும் இல்லை, வலையும் இல்லை, காப்பாற்ற ஒன்றும் இல்லை. வெறும் வீம்புக்கு, கிழக்கு ஓரத்தில், தலை தெரியாத ஆழத்தில் மிதித்து இறக்கினாள். படகு மரம் இல்லை. இன்னொருத்தி கை மேலே இல்லை. இரண்டு விதியையும் மீறிய திருட்டுக் கட்டை. இருபத்தாறு வருடம் ஒருத்தியிடமும் மூச்சு விட்டதில்லை, அண்ணியிடம்கூட.

எட்டியம்மாள் கிழக்கு ஓரத்துக்கு நடந்தாள்.

"எங்க போற?" என்று கத்தினாள் சின்னபாப்பா.

கால் கட்டைவிரல் சேற்றுக்குள் துழாவியது. கிளிஞ்சல், வேர், மறுபடி கிளிஞ்சல். எவ்வளவு ஆழத்தில் மிதித்தாளென்று அவளுக்கே மறந்துவிட்டது. அதிகாரியின் படகு மோட்டாரை முடுக்கிவிட்டார்கள். அப்போது கட்டைவிரலில் சதுரமான ஒரு முனை தட்டியது. படகு மரம் எதுவும் அத்தனை சதுரமாக இருக்காது.

"மேடம்! ஊசி!"

ஹெப்சிபா பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் ஓடினாள். மூச்சடக்கி மூழ்கினாள். பெட்டி ஒரு நொடி யோசித்தது.

"ரப்பர் மரம்," என்றது பெட்டி. "வளர்ந்தது கன்னியாகுமரி மாவட்டம். இயந்திரத்தில் இழைத்தது. தண்ணீருக்குள் போன வருடம் 2037."

ஆறு வருடம், ஏழு வருடம். அதிகாரி விரல் விட்டு எண்ணிப்பார்த்தார். மறுபடியும் எண்ணினார். 2044க்குப் பிந்திய கட்டைகளில் எங்கும் பெரிய இடைவெளி இல்லை.

"இது படகு மரமே இல்லையே," என்றார்.

"பழுது பார்க்க எந்த மரம்னு சட்டத்துல சொல்லலை சார்," என்றாள் ஹெப்சிபா. தலைமுடியிலிருந்து சேறு வழிந்தது.

அதிகாரி சட்டத்தைப் புரட்டினார். சொல்லியிருக்கவில்லை. "எண் பதினேழு சிதைவு அல்ல," என்று மிதவைச் சட்டைக்குள்ளிருந்து அறிவித்தார். "பழுது பார்க்கப்பட்டுவரும் கலம். பழுது பார்ப்பவர்கள் வசம் இருக்கிறது. வட்டம் ரத்து."

பெண்கள் கத்திய கத்தலில் ஏரிக்கரை நாரையெல்லாம் எழுந்து பறந்தது. எட்டியம்மாள் சின்னபாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றாள். சின்னபாப்பா வந்து அவள் தோளில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"தனியாவா நட்ட?"

"ஆமா அண்ணி. பெஞ்சுக்கால். திருடினது."

"திருட்டுக் கழுதை," என்றாள் சின்னபாப்பா. பிறகு தண்ணீருக்குள் குனிந்து, அந்தச் சதுர முனையைத் தேடிப் பிடித்து, அதன் மேல் தன் கையை வைத்தாள். இருபத்தாறு வருடம் கழித்து.

வேதகிரியின் படகுகள் திரும்பிப் போய்விட்டன. மறுவாரத்திலிருந்து குப்பத்துப் படகு எதுவும் இவர்களைச் சந்தைக்கு ஏற்றிக்கொள்ளவில்லை. பெண்கள் எட்டு கிலோமீட்டர் நடந்தார்கள். நடந்தும் அடுத்த பாடு குலுக்கலுக்கு அறுபத்து மூன்று பெயரை எழுதி அனுப்பினார்கள். சீட்டுகள் திரும்பி வந்தன. அடுத்த வருடமும் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

*

மாசியில் ஹெப்சிபா மறுபடி வந்தாள். இந்த முறை நீலச்சட்டை இல்லை.

"முதல்ல குத்தின மூணு கட்டையோட முழு ரிப்போர்ட்டை இப்பத்தான் படிச்சேன்," என்றாள். "நாப்பது பக்கம். யாரும் கடைசி வரைக்கும் படிச்சிருக்க மாட்டாங்க. ஆணித்துளை இருக்குன்னு சொன்னேன்ல? துளை மட்டும்தான் இருக்கு. உள்ள துரு இல்லை. ஒரு பொட்டு இரும்புகூட இல்லை."

"அப்பிடின்னா?"

"ஆணி ஏறவே இல்லை. கப்பலுக்குன்னு செதுக்கி, துளை போட்டு வெச்ச கட்டை. ஆனா எந்தக் கப்பல்லயும் மாட்டல. இங்க கப்பலே முழுகல எட்டியம்மா. கப்பல் கட்டுற இடத்துல இருந்து யாரோ தூக்கிட்டு வந்து நட்டிருக்காங்க. மூணு கட்டையும் ஒரே நாள்ல வரலை. ஒவ்வொண்ணா வந்திருக்கு."

எட்டியம்மாள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டிய கட்டைகளைப் பார்த்தாள். கப்பல் கட்டும் இடத்தில் கூலி வேலை செய்த எவளோ ஒருத்தி. என்ன கேட்டாளோ, எதற்காக வெளியே போ என்றார்களோ. ஒருத்தி கையும் மேலே இல்லாமல் தனியாகத்தான் நட்டிருப்பாள். முதல் ஆளுக்கு இன்னொருத்தி ஏது? எட்டியம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் வந்தன. இரண்டும் ஒன்றாக வந்ததில் இருமிப்போனாள்.

"அவளும் திருடிதானா!"

"ஆமா. ஆனா இது வெளிய தெரிஞ்சா, கப்பலே இல்லாத இடத்துல எதைப் பழுது பார்த்தீங்கன்னு கேப்பாங்க. தீர்ப்பு நிக்காது."

"நீங்க சொல்லிடுவீங்களா மேடம்?"

ஹெப்சிபா மக்கிய கட்டை ஒன்றின் பக்கத்தில் போய் நின்றாள். அவள் கையில் ஒரு பழைய துடுப்பு இருந்தது, நடுவதற்கான படகு மரம். எங்கே கிடைத்தது என்று எட்டியம்மாள் கேட்கவில்லை. மடியிலிருந்து தன் இன்னொரு பறியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இத்தப் பல்லுல கடிச்சுக்குங்க. அப்பால எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."